தளபதிக்கு வெந்நீர்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அழுகை அக்கா' என்றால்தான் வாசலில் இருக்கும் காவலாளிக்கே ஆள் அடையாளம் தெரியும். கேலிப் பெயர்தான், ஆனால் பொய்ப் பெயர் அல்ல. வேற்று மொழித் தொலைக்காட்சித் தொடர்களைத் தமிழ் பேச வைக்கிற இடம் அது. கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்கும் பெண்களுக்குத் தொண்டைதான் சோறு போடுகிறது. ஒரு முறை வாய்விட்டு அழுதால் அந்தத் தொண்டை இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். அதனால் கதாநாயகி விசும்பத் தொடங்குகிற இடம் வரைக்கும் அவர்கள் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அக்கா மைக் முன்னால் வந்து நின்று மீதியை அழுது முடித்துவிட்டுப் போவாள். சிரித்தது ஒருத்தி, அழுதது இன்னொருத்தி என்பது பார்க்கிறவர்களுக்குக் கடைசி வரை தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அவள் நல்ல வேலைக்காரி.

அவள் தொண்டை மட்டும் என்ன இரும்பா? இல்லை. அவளிடம் ஒரு பக்குவம் இருந்தது. அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்ப வேண்டும், தொண்டை சும்மா வழி விட்டால் போதும். தொண்டையிலிருந்து அழுகிறவளுக்கு அன்றைக்கே குரல் போய்விடும். கணவன் செத்த அழுகை, பிள்ளை தொலைந்த அழுகை, துரோகம் தெரிந்த அழுகை என்று கேட்ட மாதிரி கொடுப்பாள். இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறையும் கொடுப்பாள். கொடுத்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து வெந்நீரை மூடியில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பாள். அவ்வளவுதான் அவள் துக்கம்.

ஆனால் வாடகைக்கு அழுது அழுதே சொந்த அழுகை அவளிடம் நின்றுபோயிருந்தது. அம்மா இறந்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "ஊருக்கெல்லாம் அழறவ, பெத்தவளுக்கு அழ மாட்டேங்கறா பாரு" என்று உறவுக்காரிகள் காதுபடவே பேசினார்கள். அடிவயிற்றிலிருந்து அழத்தான் தெரியுமே, அழுதிருக்கலாம். அது அம்மாவை ஏமாற்றுவதாகும் என்று அவளுக்குத் தோன்றியது.

கல்யாணப் பேச்சு இரண்டொரு தடவை வந்தது. முதல் தடவை மாப்பிள்ளை வீட்டார் கை விரித்தார்கள். அடுத்த தடவை அம்மா படுக்கையில் விழுந்தாள். அப்புறம் தங்கைக்கு முடிக்க வேண்டியிருந்தது. முடித்த பிறகு அக்காவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நாற்பத்தேழு வயதில் தங்கை வீட்டில் இருக்கிறாள். காலையில் அந்த வீட்டுச் சமையல், மதியத்துக்கு மேல் கூடம். குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை. நிறை சொல்லவும் ஒன்றுமில்லை.

இப்படி இருந்தவளைத்தான் ராணியாக்கினார்கள்.

அது ஒரு சரித்திரத் தொடர். ராஜா செத்துவிட்டார். பிள்ளைக்கு இன்னும் பல் விழுந்து முளைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரால் ராணி நாட்டை ஆள்கிறாள். பிரதான மந்திரிக்கு அரியணை மேல் கண். பாலில் விஷம், திரைக்குப் பின்னால் ஒற்றன், சபையில் பழி என்று நாளொரு சதியாகக் கதை நகரும். புருஷன் இருந்தவரை ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாத அந்த ராணிக்கு, தன் வாசலில் காவல் நிற்கிற தளபதி மேல் மெல்ல மெல்ல மனசு போகிறது. ராணியாக நடித்த அந்த அம்மாள் இளவயசுக்காரி அல்ல. வார்த்தையை மென்று மென்று பேசுகிற வாய். இளங்குரல் எதை ஒட்டினாலும் உரிந்து உரிந்து வந்தது. எத்தனையோ பேரைப் பேச வைத்துப் பார்த்துச் சலித்த பிறகு, "அழுகை அக்காவை ஒரு தடவை பேச வெச்சுப் பாருங்க சார்" என்றார் ஒலிப்பதிவாளர்.

அவருக்குக் கூடத்தில் 'கண்ணாடி' என்று பெயர். நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். அவர் 'சார்' என்று சொன்னது அங்கே எல்லாக் குரல்களையும் தேர்ந்தெடுத்து வேலை வாங்குகிற ஒருங்கிணைப்பாளரை. அவருக்கும் ஒரு பெயர் உண்டு, 'மந்திரி'. சேனலில் சொல்வதைக் கூடத்துக்கும், கூடத்தில் சொல்வதைச் சேனலுக்கும், இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் திருத்திக் கொண்டுபோகிறவர். மந்திரிக்கு அக்காவை வைப்பதில் இஷ்டமில்லை. ஆனால் அவள் பேசியதும் ராணியின் வாயும் வார்த்தையும் ஒன்றாகிவிட்டன. வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

இங்கே இந்தத் தொழிலின் நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். திரையில் காதலர் இருவரும் மூச்சுப் படுகிற தூரத்தில் நின்று பேசுவார்கள். குரல் கொடுக்கிறவர்களோ ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு டிராக். தளபதிக்குக் குரல் கொடுப்பவர் காலையில் வந்து தன் பங்கைப் பேசிவிட்டுப் போய்விடுவார். அக்கா மதியம் வந்து, ஹெட்போனில் அவர் குரலைக் கேட்டபடி ராணியின் பங்கைப் பேசுவாள். காலியான அறை, பஞ்சு ஒட்டிய சுவர், காதுக்குள் ஓர் ஆண் குரல்.

கொஞ்சம் கரகரப்பான குரல். அவசரம் தெரியாத குரல். முக்கியமான வார்த்தைக்கு முன்னால் எச்சில் விழுங்குகிற சின்னச் சத்தம் வரும். "மகாராணி, தங்கள் வாசலைத் தவிர எனக்கு வேறு திசை கிடையாது" என்று அது சொன்னபோது, வசனம் எழுதியவனுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அன்று பஸ்ஸில் போகும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது.

டிராக்குக்கு ஒரு வால் உண்டு. வசனம் முடிந்த பிறகும், கண்ணாடி பதிவை நிறுத்தும் வரை மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாலில்தான் தளபதி போய் மனிதர் வருவார். நாற்காலி நகரும், தாள் புரளும், ஒரு பெருமூச்சு வரும். பிறகு அதையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவார்கள். அக்கா வசனத்தைவிட வாலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருநாள் வாலில் இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற வறட்டு இருமல். அவள் தன் வசனத்தைப் பேசி முடித்தாள். முடித்த கையோடு, யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில், "தொண்டை கட்டியிருக்கு. வெந்நீர் குடிங்க" என்றாள்.

அதைக் கேட்க ஆள் இருந்தது. முந்தைய நாள் சத்தத்தோடு இன்றைய சத்தம் ஒட்ட வேண்டும் என்பதற்காக, ஒவ்வொருவரும் பேசத் தொடங்குமுன் முந்தைய பதிவின் கடைசித் துண்டைக் கண்ணாடி போட்டுக் காட்டுவார். மறுநாள் காலை அவர் போட்ட துண்டில் வாலும் சேர்ந்தே இருந்தது. மறந்து விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பதை இன்றைக்கு வரைக்கும் அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

அன்று மதியம் அக்கா ஹெட்போனை மாட்டினாள். தளபதி வீர வசனம் பேசினார். கடைசியில் எச்சில் விழுங்குகிற சத்தம் வந்தது. பிறகு, "குடிச்சேங்க. கேக்குதா? இப்ப தேவலாம். நான் மருந்துக்கடையில வேலை பாக்கறவன். தொண்டைக்கு வெந்நீர்தான்னு எனக்கு இதுவரைக்கும் தோணவே இல்ல பாருங்க."

அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி ஏதோ ஒரு குமிழை ரொம்ப அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காதும் காதும் வைத்தாற்போல, நாளுக்கு ஒரு வால். ராணி சபையில் கர்ஜித்துவிட்டு, "இன்னைக்கு பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், கால் கடுக்குது" என்பாள். தளபதி எதிரியின் கோட்டையைக் கொளுத்திவிட்டு, "கடையில ஒரு பாட்டி வந்து, தளபதி குரல் மாதிரியே இருக்குன்னு சொன்னாங்க. நான் இல்லைன்னுட்டேன்" என்பார். அவர் மனைவி காலமாகி வெகு காலமாகிறது என்பதை ஒரு வாலில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, "உங்களுக்கு?" என்று கேட்டார். "எனக்கு அமையல" என்றாள். மறுநாள் வந்த வாலில் பேச்சே இல்லை, மூச்சு மட்டும் இருந்தது. அந்த மூச்சு முடிகிற வரை அவள் கேட்டாள்.

அக்காவுக்குக் காதல் வந்துவிட்டது. இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? வர வேண்டிய வயசில் வராததால் எப்படி இருக்கும் என்று தெரியாமல், முதலில் அதை நெஞ்செரிச்சல் என்று நினைத்தாள். தெரிந்த பிறகு பயந்தாள். நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவை அவர் வாலில் சொன்னபோது, "வேண்டாங்க, இப்படியே இருக்கட்டும்" என்றாள். அவர் காதில் இருப்பது ராணியின் குரல். கண் முன்னால் போய் நின்றால், தங்கை வீட்டுச் சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்த ஒருத்தி நிற்பாள். குரலாகவே இருந்துவிட்டால் இழக்க ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டாள். ஆனால் அந்தக் குரலாக இருப்பதற்கு ராணி வேஷம் வேண்டும். வேஷம் போனால் ஹெட்போன் போகும், ஹெட்போன் போனால் அவர் போவார். அவள் கையில் இருந்தது அந்த ஒரு நூல்தான்.

அந்த நூலில்தான் மந்திரி கை வைத்தார்.

தொடரில் ராணி தன் காதலைச் சொல்லும் கட்டம் வரப்போகிறது. நாடே எதிர்பார்க்கிறதாம். மந்திரி அவளை அறைக்கு அழைத்து, நாற்காலியெல்லாம் இழுத்துப் போட்டார்.

"அக்கா, நீங்க பிச்சு உதறறீங்க. அதுல சந்தேகமே இல்ல. ஆனா காதல் சீனுக்கு மட்டும் குரல்ல கொஞ்சம் வயசு தெரியுதுன்னு சேனல்ல நினைக்கறாங்க. அந்தச் சீன்களுக்குத் தேன்குரலைப் போட்டுக்கலாம்னு இருக்கோம். அழுகை சீன் வந்தா உங்களை விட்டா யாரு?"

தேன்குரல் என்பது அங்கே முன்னணியில் இருந்த ஒரு பெண். அவளுக்காக அக்கா எத்தனையோ ஆண்டுகள் அழுதிருக்கிறாள்.

"ஒரு ராணிக்கு ஒரு தொண்டை போதும் சார்" என்றாள் அக்கா. தன் வாயிலிருந்து வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம்.

மந்திரி சிரித்தார். "இத்தனை வருஷம் நீங்க அப்படி நினைக்கலையேக்கா."

அது சுருக்கென்று தைத்தது. உண்மைதான். இத்தனை வருஷமும் அடுத்தவள் வாய்க்குள் புகுந்து அழுதவள்தானே. ஆனாலும் அவள் எழுந்து வந்துவிட்டாள். நன்றாகப் போகிறதைக் கலைக்க வேண்டாம் என்று சேனலிலிருந்தே சொன்னதால், மந்திரி அப்போதைக்கு வாயை மூடிக்கொண்டார். சமயம் பார்த்துக் காத்திருந்தார் என்பதுதான் சரி.

அக்கா அந்தக் காதல் வசனத்தை வீட்டில் காய் நறுக்கியபடியே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "என் அரியணையில் உமக்குத் தர இடமில்லை. இந்த மூச்சில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளும்." தங்கை பாத்திரத்தோடு வந்து நின்று, "யாருக்கா எடுத்துக்கணும்? இந்தக் கத்தரிக்காயா?" என்று கேட்டாள். அக்கா சிரித்தாள். முகம் சிவந்ததைத் தங்கை பார்த்துவிட்டு, நறுக்கிய காயைப் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டாள்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒருநாள் மாலை தங்கை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போருக்குப் புறப்படும் தளபதி ராணியை வணங்கிவிட்டுத் திரும்பி நடக்கிறார். முதுகுதான் தெரிகிறது. இசை ஓங்குகிறது. அப்போது அந்த முதுகு பேசியது.

"மழை வர்ற மாதிரி இருக்குங்க. குடை எடுத்துட்டு வந்தீங்களா? நேத்து நனைஞ்சுட்டுப் போனேன்னு சொன்னீங்க, எனக்கு மனசே ஆறல."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னக்கா இது! போருக்குப் போறவன் குடையைக் கேக்கறான்!" தங்கையின் கணவரும் சிரித்தார். அக்கா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி ஒரு வாலை வெட்ட மறந்துவிட்டார். அவளுக்கென்று சொன்ன ஒரு வார்த்தையை ஊரே கேட்டுவிட்டது. அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு அடியில், எனக்கு மனசே ஆறல என்று ஒருவர் சொன்னது இனிக்கவும் செய்தது.

மறுநாள் மந்திரியின் அறையில் கண்ணாடி தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். மந்திரி கோபப்படவில்லை, சந்தோஷமாக இருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

"சேனல்ல கொதிக்கறாங்க. தளபதியை மாத்திடறதா சொல்லிட்டேன். பாதி நேரம் கவசத்துல மூஞ்சியை மறைச்சுக்கிட்டு வர்ற ஆளு, எந்தக் குரலும் ஒட்டும். இவர் வேலையையும் யோசிக்கணும்" என்று கண்ணாடியைக் காட்டினார். "யார்கிட்ட பேசினான் அவன்? உங்களுக்குத் தெரியுமாக்கா?"

போன வாரம்தான் இதே மாதிரி ஒரு கட்டத்துக்கு அக்கா குரல் கொடுத்திருந்தாள். தளபதி அந்தப்புரத்துக்குள் வந்தார் என்று சபையில் குற்றச்சாட்டு. தலை போகிற குற்றம். ராணி அரியணையை விட்டு இறங்கி வந்து, 'அழைத்தது நான், பழி என்னுடையது' என்கிறாள். அப்போது முரசு அதிர்ந்தது, சபை எழுந்து நின்றது. இந்த அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"முதல்ல பேசினது நான்தான் சார்" என்றாள் அக்கா. "அவர் பதில் சொன்னாரு, அவ்வளவுதான். இந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

கண்ணாடி நிமிர்ந்து பார்த்தார். பேச வாயெடுத்தவரை அக்கா கண்ணாலேயே நிறுத்தினாள்.

"அப்படியா! அப்ப நீங்களே ஒதுங்கிக்கறீங்களா?"

"ஒதுங்கிக்கறேன். அவரை மாத்தக் கூடாது, தம்பியையும் ஒண்ணும் செய்யக் கூடாது. இதை யாரும் அவர்கிட்ட சொல்லவும் கூடாது."

ஏன் சொல்லக் கூடாது? நன்றிக்காக ஒருவர் வந்து தன் முன்னால் நிற்பதை அவள் விரும்பவில்லை. வந்தால் அவராகவே வர வேண்டும். அதைக் கேட்கவும் அவளுக்கு வாய் வராது. ராணிக்கு இருக்கிற ரோஷத்தில் கொஞ்சம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. மந்திரிக்கு இது எல்லா வகையிலும் சௌகரியம். அன்றைக்கே தேன்குரல் ராணியானாள்.

அதற்குப் பிறகு அக்கா மதியங்களில் வீட்டில் இருந்தாள். "வேற ஆள் பேசறாங்க" என்று மட்டும் தங்கையிடம் சொன்னாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் சுத்தமாக இருந்த அலமாரிகளை மறுபடியும் துடைத்தாள். காதைச் சுற்றி ஒரு வெறுமை இருந்தது. ஹெட்போன் அழுத்துகிற இடத்தை விரல் தானாகவே தடவிப் பார்க்கும். அவர் தேடுவார், கண்ணாடியிடம் கேட்பார், ஒரு நாள் ஏதாவது சேதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தேடுகிறவர் தேடியிருப்பார். தேடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள்.

காதல் கட்டம் ஒளிபரப்பான அன்று தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேன்குரல் அந்த வசனத்தைச் சொன்னது. குழைவாக, ஏற்ற இறக்கமாக, ஒரு பிசிறு இல்லாமல் சொன்னது. தளபதி பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு மட்டும் விட்டார். அந்த மூச்சு இனி வேறு ஒருத்தியின் வசனத்துக்குப் பக்கத்தில் என்றென்றைக்கும் இருக்கப் போகிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"நீ பேசியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்க்கா" என்றாள் தங்கை, திரையைப் பார்த்தபடியே. கத்தரிக்காயைக் கேலி செய்தவள்தான். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொடர் முடிகிற நேரத்தில் மந்திரி போன் செய்தார். பிரதான மந்திரியின் ஆட்கள் எய்த அம்பு தளபதியின் மார்பில். ராணியின் மடியில் அவர் சாகிறார். ராணி அழ வேண்டும். அப்படி இப்படி அல்ல, அரண்மனையே இடிந்து விழுகிற மாதிரி. தேன்குரலால் முடியாது.

"அழுகை மட்டும்தாங்க்கா. நீங்க மனசுல எதையும் வெச்சுக்க மாட்டீங்கன்னு தெரியும்."

வெச்சுக்கறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஹெட்போனில் அவர் குரல் இருக்கும். கடைசி வால் இருக்கும். அதற்காக வருகிறேன் என்றாள்.

கூடத்து வாசலில் தேன்குரல் எழுந்து நின்றாள். "அக்கா, நானா கேட்டு வாங்கலக்கா."

"தெரியும்மா. நீ நல்லாத்தான் பேசியிருக்க." சொல்லும்போது வலித்தது, ஆனாலும் உண்மையாகவே சொன்னாள்.

உள்ளே போய் நின்று ஹெட்போனை மாட்டினாள். கண்ணாடி ஏதோ சொல்ல வருவது போலப் பார்த்தார். பின்னாலேயே மந்திரி வந்து உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு தடவை முழுசாப் போடுங்க தம்பி. கேட்டுட்டுப் பேசறேன்."

காதுக்குள் தளபதி வந்தார். எத்தனை நாளாயிற்று! "மகாராணி... வாசலில் குதிரை நிற்கிறது. இளவரசரோடு புறப்படுங்கள். நான்... பின்னால் வருகிறேன்." எச்சில் விழுங்கும் சத்தம். மூச்சு ஒருமுறை ஏறி, பாதியில் நின்றது. பிறகு வால்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம். கதவு திறந்து மூடியது. அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை போடுங்க தம்பி."

மறுபடியும் அதே நாற்காலி, அதே காலடி, அதே கதவு. ஒரு 'நல்லா இருங்க' கூட இல்லை. அழ வரப்போவது அவள்தான் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் எழுந்து போயிருக்கிறார்.

"டேக் போகலாமாக்கா?"

தலையாட்டினாள். திரையில் ராணி வாயைத் திறந்தாள்.

அக்காவும் திறந்தாள். முதல் மூச்சு அடிவயிற்றில்தான் தொடங்கியது. பாதி வழியில் அது கை நழுவிப் போயிற்று. இத்தனை வருஷம் கட்டிக் காத்த பக்குவம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அழுகை தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அது ராணியின் அழுகை அல்ல. அம்மாவுக்கு அழாமல் விட்டது, வந்து திரும்பிப் போன மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு அழாமல் விட்டது, ஒரு கதவுச் சத்தத்தோடு முடிந்துபோன அந்த மனிதருக்கானது, எல்லாம் சேர்ந்து வந்தது. திரையில் ராணி அழுது ஓய்ந்து தலை கவிழ்ந்துவிட்டாள். அக்காவால் நிறுத்த முடியவில்லை. கண்ணாடியும் பதிவை நிறுத்தவில்லை. வால் நீண்டுகொண்டே போயிற்று.

ஒருவழியாக ஓய்ந்தபோது மந்திரி எழுந்து வெளியே போய்விட்டிருந்தார். தடுப்புக்குப் பின்னால் கண்ணாடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு வேணாம்க்கா. இது போதும். அக்கா, வெளில..."

அதற்குள் அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். சரி தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குரல் போயிருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு நேராத தவறு. புதிதாக வருகிற பெண்களுக்குத்தான் இப்படி ஆகும்.

வெளியே நடையில் இருந்த பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குள்ளமான ஆள். முன் தலை வழுக்கை. முழங்காலுக்கு நடுவே குடையை நிறுத்தி, அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

"ஏம்மா, உள்ள ராணிக்கு அழறதுக்கு ஒருத்தங்க வந்திருக்காங்கல்ல? முடிச்சுட்டாங்களா?"

கரகரப்பான குரல். அவசரம் தெரியாத குரல். அக்காவின் கால் நின்ற இடத்தில் நின்றுவிட்டது.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். உதடு மட்டும் அசைந்தது.

பாதி திறந்திருந்த கதவுக்குள், அக்கா வெளியே வந்ததும் உள்ளே போயிருந்த தேன்குரல் அடுத்த வசனத்தைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது அவங்க இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது போலப் படபடவென்று சொன்னார். "அவங்களாவே வேலையை விட்டுட்டாங்கன்னாங்க. நான் பேசினது பிடிக்கலையோன்னு இருந்துட்டேன். எனக்காக அவங்க பழியை ஏத்துக்கிட்டது இன்னைக்குக் காலையிலதாம்மா தெரியும். உள்ள இருக்காரே, அவர்தான் மனசு பொறுக்காம சொன்னாரு. கடைக்குப் போகல. வழக்கமாக் கடைசியில ஏதாவது பேசி வெப்பேன், இன்னைக்கு அதுவும் பேசல. எழுந்து வந்து இங்க உக்காந்துட்டேன். நடுவுல ஒரு டீக்கு வெளிய போனேன், அதுக்குள்ள அவங்க உள்ள போயிட்டாங்க. நேர்ல பாத்து சொல்லணும் இல்லையா?"

அந்த நாற்காலி, அந்தக் காலடி, அந்தக் கதவு. அவர் போகவில்லை. இந்தப் பெஞ்சுக்குத்தான் வந்திருக்கிறார். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, ஓய்ந்துபோன அழுகையும் திரும்ப வந்தது. நான்தான் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வேண்டும். அவளை அவர் அறிந்ததெல்லாம் குரலால். அந்தக் குரலைத்தான் சற்று முன்பு அவருக்காகவே அழுது தொலைத்துவிட்டாள்.

"காத்திருக்கேம்மா, பரவால்ல" என்று அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

அவள் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். மூடியைத் திருகி அதில் வெந்நீரை ஊற்றினாள். எரிகிற தொண்டைக்கு அதில் ஒரு வாய் வேண்டியிருந்தது. குடிக்கவில்லை. மூடியை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். ஆவி முகத்தில் பட்டது. உதடு வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். மூடிக்குள் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வீங்கிய கண்ணை, ஈரமான கன்னத்தை, பேச முடியாமல் துடிக்கிற உதட்டை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தார்.

எச்சில் விழுங்குகிற சின்னச் சத்தம் கேட்டது.

மூடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தொண்டை கட்டியிருக்கு" என்றார். "வெந்நீர் குடிங்க."